யாரும் பேசாத நேரத்தில் ஒரு ‘ம்’

கதை கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்டிக்கொண்டே வர வேண்டும். கொட்டாவிட்டால், கேட்கிறார்களா தூங்கிவிட்டார்களா என்று சொல்கிறவளுக்குத் தெரியாமல் போய்விடும். இந்த அத்தியாயம் அந்த ஒரு ‘ம்’மைச் சுற்றித்தான் நடக்கிறது, கண்ணுகளா. இன்றைக்கு மட்டுமாவது மறக்காமல் கொட்டுங்கள்.

பிரெய்ல் அச்சகத்துக்குள் கால் வைத்தவுடனே சொடக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புத்தகங்கள் தயாராகிற இடம் அது. மை வாசனை கிடையாது. இயந்திரம் துத்தநாகத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் குத்தும். அந்தத் தகட்டைத் தடித்த தாளில் வைத்து அழுத்தினால் தாளில் புள்ளிகள் எழும்பி நிற்கும். குத்துகிற அதிர்வு தரை வழியாக ஏறி முழங்கால் வரைக்கும் வந்தது. இங்கே ஒரு வாரம் வேலை பார்த்தால் பல் எல்லாம் தானாகவே உதிர்ந்துவிடும், பல் டாக்டருக்கு வேலை மிச்சம் என்றான் சொடக்கு.

நிதானம் சிரிக்கவில்லை. அவள் சிரித்து ரொம்ப நாளாகிறது. துப்பறிகிற தொழிலுக்கு வந்து பாதி வயதைக் கழித்தவள் அவள். பஸ் கிளம்பிவிட்டால் பின்னால் ஓட மாட்டாள். அடுத்த பஸ் வரும் என்று நிற்பாள். அதனால் அந்தப் பெயர். சொடக்கு அவளுடைய உதவியாள். நாற்பதைத் தாண்டியும் துறுதுறுப்பு அடங்காதவன். ஒரு யோசனை தோன்றினால் சொடக்குப் போடுவான். அவன் சொடக்குப் போட்ட யோசனையை நிதானம் உடனே ஒதுக்கிவிடுவாள். அந்த வகையில் அவனால் நேரம் நிறைய மிச்சம்.

ஃபோர்மேன் அவர்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்.

அச்சகத்தில் ஒரு பெண் பிழை பார்க்கிறாள். குத்தி வந்த தாளைத் தடவிப் பார்த்து, புள்ளி தப்பிய இடத்தில் எல்லாம் மெழுகில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பிறகு தகட்டில் அந்தப் புள்ளியைத் தட்டிச் சரி செய்வார்கள். அவள் கையிலிருந்து ஒரு தப்பும் தப்பிப் போகாது என்பதால் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கண் மங்கத் தொடங்கி, பிறகு ஒரேயடியாக அணைந்துவிட்டது. அவளுடைய கணவர் அதே அச்சகத்தில் தகடு குத்துகிறவர். புது இயந்திரம் ஒன்றைப் பூட்டிக் கொடுக்க வெளியூர் போனவர், போன மாதம் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அவருடைய தங்கை, சல்லடைக்கு நாத்தனார், வந்து கூட இருக்கிறாள். அந்த நாத்தனார் இப்போது சல்லடையை எங்கோ ஓர் ஆதரவு இல்லத்தில் சேர்க்கப்போகிறாள். அண்ணியே சம்மதித்துவிட்டாள் என்கிறாள். இன்று சாயங்காலம் வண்டி வருகிறது.

“அவங்க சம்மதிச்சாங்கங்கறதுக்கு அந்தம்மா வாய்வார்த்தை மட்டும்தாங்க இருக்கு,” என்றார் ஃபோர்மேன். “வீடு செத்துப்போனவர் பேர்ல இருக்கு. எனக்கு மனசு ஒப்பல.”

சல்லடையிடம் எப்படிப் பேசுவது என்று நிதானம் கேட்டாள். ஃபோர்மேன் சொடக்கின் கையை இழுத்து மேசைமேல் விரித்துவைத்து, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார். கரும்பலகையில் பார்த்த எழுத்தெல்லாம் சல்லடைக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டும். ஒரு சொல் முடிந்ததும் அவள் கட்டைவிரலால் எழுதுகிறவரின் விரலை ஒரு தட்டுத் தட்டுவாள். அதுதான் ‘ம்’. புரிந்தது, மேலே சொல்லு என்று பொருள். புரியாவிட்டால் பலகையைத் துடைக்கிற மாதிரி தன் உள்ளங்கையை ஒரு தேய் தேய்ப்பாள். திரும்ப எழுத வேண்டும். பதில் சொல்ல வேண்டுமானால் நம் உள்ளங்கையில் அவள் எழுதுவாள்.

“இத என் வீட்டுக்காரிக்குச் சொல்லிக் குடுத்துடாதீங்க சார்,” என்றான் சொடக்கு, கூசிய கையைத் தொடையில் துடைத்துக்கொண்டே. “இப்பவே காது ரெண்டையும் புடிச்சு வச்சிருக்கா. கையையும் கேப்பா.”

துக்கம் கேட்க ஃபோர்மேன் நேரில் போயிருக்கிறார். கையைப் பிடித்து எழுதியிருக்கிறார். சல்லடை தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள் என்றார். அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நிதானமும் அப்போது சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

சல்லடை கடைசியாகப் பார்த்த வேலையைக் காட்டச் சொன்னாள் நிதானம். அது குழந்தைகளுக்கான மிருகங்கள் புத்தகம். கணவர் வெளியூர் கிளம்புவதற்கு முன்பே முடித்துக் கொடுத்தது. முடித்த கையோடு, அவர் திரும்பி வரும்வரை லீவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு சல்லடை வீட்டில் இருந்துவிட்டாளாம். ஃபோர்மேன் தாள்கட்டைப் பெருமையோடு எடுத்து வைத்தார். வழக்கமாக அம்மை போட்ட மாதிரி மெழுகுப் பொட்டு நிறைந்திருக்குமாம். இதில் ஒன்றுகூட இல்லை. தகட்டுக்காரர் கடைசி கடைசியாக ஒரு தப்பும் இல்லாமல் குத்திவிட்டுப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே ஃபோர்மேன் கட்டின் ஓரங்களைத் தட்டிச் சேர்த்தார்.

நிதானம் மேலே இருந்த தாளை எடுத்துக்கொண்டு போய், நீள மேசையில் பிழை பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் கையில் கொடுத்தாள். அவரும் பார்வையில்லாதவர், காது நன்றாகக் கேட்கும். விரல் இரண்டு வரி ஓடியது, நின்றது. திரும்ப ஓடியது, நின்றது.

“இது பாக்காத தாளுங்களா?”

பார்த்ததுதான், சல்லடை பார்த்தது என்றாள் நிதானம். அவர் சூடு பட்டவர்போல விரலை எடுத்துக்கொண்டார். இருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளைத் தள்ளிவைத்தார்.

ஃபோர்மேன் அந்தத் தாளை எடுத்துக் கட்டுக்குள் திரும்ப வைத்தார். இயந்திரம் குத்திக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் சொடக்கு சொடக்குப் போட்டான். நாத்தனார் முன்கூட்டியே வந்து சல்லடைக்கு ஏதோ தொந்தரவு கொடுத்திருக்கிறாள், அதில் மனம் கலங்கித்தான் வேலையில் கோட்டைவிட்டாள் என்றான். நாத்தனார் வந்ததே விபத்துக்குப் பிறகுதான் என்றாள் நிதானம். அவன் விரல்களைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவள் அந்த ஆதரவு இல்லத்துக்குப் போன் போட்டாள். கண்ணும் காதும் இல்லாதவர்களிடம் அங்கே எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டாள். எடுத்த பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை.

“பேச என்னங்க இருக்கு? கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவோம், கூட்டிட்டு வருவோம். இங்க எல்லாம் புத்தி பேதலிச்சவங்கதான்.”

நிதானம் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சல்லடை அந்த வண்டியில் ஏறிவிட்டால், அதற்கப்புறம் அவள் கையில் யாரும் ஓர் எழுத்துக்கூட எழுதப் போவதில்லை. உயிரோடு இருக்கும்வரைக்கும் யாரும் எழுதப் போவதில்லை.

வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கதவு திறந்தபோது நாத்தனார் எப்படி இருப்பாள் என்று சொடக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். திறந்தவள் தோய்த்துத் தோய்த்து நைந்துபோன துணி மாதிரி இருந்தாள். பின்னால் ஒரு பெட்டி, கயிறு போட்டுக் கட்டித் தயாராக நின்றது. கதவோரம் ஆண் செருப்பு ஒரு ஜோடி, வந்ததும் கால் நுழைக்க வாகாக வைக்கப்பட்டிருந்தது. ஆணியில் ஈரம் காயாத ஒரு துண்டு.

“தெனமும் அந்தத் துண்டத் துவைச்சுப் போடுறாங்க,” என்றாள் நாத்தனார், அவர்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. “நான் எடுத்து உள்ள வச்சா, தேடி எடுத்து மறுபடியும் போடுறாங்க. அண்ணனோடது.”

சல்லடை ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். தலை படிய வாரியிருந்தது. மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடந்தன, யாரோ எதையோ போடுவார்கள் என்று வைத்த கிண்ணங்கள் மாதிரி. விரல் நுனிகளில் பழுப்பாகச் சூட்டுத் தழும்பு. ஒன்று ஆறியது, ஒன்று ஆறாதது. நாத்தனார் காபி கொண்டுவந்து முழங்கையில் தொட்டதும், சல்லடை கோப்பையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தாள். குடிக்கவில்லை. முதலில் மோவாயில் ஒற்றிப் பார்த்தாள். பிறகு ஊதினாள்.

நிதானம் தன் காபியைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். கோப்பை அவள் விரலைச் சுட்டது. இடம் மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமாவது சொல்லிவிடக் காத்திருந்தவள் போலச் சொன்னாள். விபத்து நடந்த ஊரிலேயே எல்லாம் முடித்துவிட வேண்டியதாகிவிட்டது. உடம்பு கொண்டுவருகிற நிலையில் இல்லை. கிளம்புவதற்கு முன் அண்ணி கையில் விஷயத்தை எழுதி, வருகிறீர்களா என்று கேட்டாள். அண்ணி தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

அதைவிடக் கொடுமை, திரும்பி வந்த பிறகு தினமும் காலையில் அவள் நாத்தனாரின் கையைப் பிடித்து ஒரே ஒரு சொல் எழுதினாள். ‘எப்போ?’ அவர் எப்போது வருவார் என்று கேட்கிறாள் என முதல் நாள் புரிந்தபோது நாத்தனார் சுவரில் சாய்ந்துவிட்டாள். திரும்பவும் எழுதிச் சொன்னாள். அண்ணி தலையாட்டினாள். மறுநாள் திரும்பவும், ‘எப்போ?’ திரும்பவும் சொன்னாள். திரும்பவும் தலையாட்டல். ஒருநாள்கூட அழவில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் அவள் கையில் எழுதிப் பார்க்கவில்லை. தூரத்தில் இருந்து பார்த்தார். எனக்கு ஒற்றை அறை வீடு, மாமியார் படுத்த படுக்கை, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், எத்தனை நாளைக்கு இருக்க முடியும் என்றாள் நாத்தனார். அதைச் சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சம்மதத்துக்குச் சாட்சி இருக்கிறது என்றாள். இல்லத்துக் கண்காணிப்பாளர் வந்தபோது செல்போனில் படம் பிடித்து, அவளுக்கும் அனுப்பியிருந்தார். எடுத்துக் காட்டினாள்.

நிதானமும் சொடக்கும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். படத்தில் நாத்தனார் அண்ணியின் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே, எழுதுகிறதை வாயாலும் சொல்கிறாள். ‘நீங்க ஒரு இல்லத்துல போய் இருக்கப்போறீங்க. உங்களுக்குச் சம்மதமா?’ சல்லடையின் கட்டைவிரல் தட்டிக்கொண்டே வருகிறது. கடைசியில் தலையை ஆட்டுகிறாள். படம் முடிந்தது.

சொடக்கு சொடக்குப் போட்டுவிட்டு, நிதானத்தைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். வாயால் ஒன்று சொல்லிக் கையில் வேறு ஒன்று எழுதியிருக்கிறாள் என்றான். இல்லத்துக்குச் சம்மதமா என்று வாய் கேட்கும், காபி வேண்டுமா என்று கை கேட்கும், யார் கண்டது. நிதானத்துக்கும் அது தோன்றியிருந்தது. படத்தைப் பெரிதாக்கி மெதுவாக ஓடவிட்டாள். சொடக்கு நாத்தனாரின் விரலைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் படித்தான். விரல் போன வழியும் வாய் போன வழியும் ஒன்றாகவே போயின. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. சம்மதமா என்று வாய் கேட்டது. சம்மதமா என்று கையும் கேட்டது.

நாத்தனார் வாசலில் வந்து நின்றிருந்தாள்.

“வீட்டுக்காகன்னு நெனச்சீங்களா?”

“நெனச்சோம்,” என்றாள் நிதானம்.

நாத்தனார் தலையாட்டினாள். கோபப்படக்கூட அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

அப்படியானால் வழக்கு முடிந்தது. கேள்வி நேர்மையான கேள்வி. பதில் அவளுடைய பதில். சொடக்கு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். நிதானம் மட்டும் படத்தை இன்னொரு தடவை ஓடவிட்டாள். பஸ் போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவள் என்று சொன்னேன் அல்லவா. அது இதற்காகத்தான்.

படத்தின் நடுவில் ஓர் இடம். ‘இல்லத்துல’ என்று எழுதும்போது நாத்தனாருக்குத் தாங்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சல்லடையின் கை மடியில் தனியாக இருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டு ஒருவரும் இல்லை. ஆனால் கட்டைவிரல் மட்டும் காற்றில் தட்டிக்கொண்டே இருக்கிறது.

ம். ம். ம்.

நிதானம் படத்தை அங்கேயே நிறுத்தி சொடக்கிடம் காட்டினாள்.

“இதுல என்னக்கா இருக்கு? நானும் இப்படித்தான். வீட்டுக்காரி போன்ல பேசுவா, நான் பாட்டுக்கு ம் போட்டுக்கிட்டு இருப்பேன். அவ கோவிச்சுக்கிட்டு லைனைக் கட் பண்ணினப்புறமும் ம் போட்டுக்கிட்டு இருப்பேன். நான் எங்க கேட்டேன், என்னைக்கு…”

சொடக்கு பாதியில் நின்றான். தான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

கீழே வண்டி ஹாரன் அடித்தது.

நிதானம் உள்ளே போய் சல்லடைக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் நிதானமாக எழுதினாள். ‘நான் ஒரு யானை. மாடிப்படி ஏறி வந்தேன்.’ நாத்தனார் தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டு, இந்த அம்மாவுக்கும் பேதலித்துவிட்டதா என்பதுபோலப் பார்த்தாள்.

சல்லடையின் கட்டைவிரல் ஒழுங்காகத் தட்டிக்கொண்டே வந்தது. சொல் முடிவதற்கு முன்னாலும் தட்டியது, முடிந்த பின்னாலும் தட்டியது. கடைசியில் முகத்தில் மரியாதையான ஒரு சின்னச் சிரிப்போடு தலையை ஆட்டினாள்.

சொடக்குக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வண்டி ஓட்டுகிறவர் மாடி ஏறி வந்துவிட்டார். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும், பெட்டி எது என்று கேட்டார். சொடக்கு கதவை மறைத்துக்கொண்டு நின்றான்.

“கொஞ்சம் கீழ இருங்கண்ணே. ஒரு பேச்சு பாதியில நிக்குது.”

நிதானம் சல்லடையின் ஒரு விரலை எடுத்து, நுனியில் தன் நகத்தால் அழுத்தினாள். ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் அழுத்தினாள். ஒன்றும் இல்லை. மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கைக்கு உட்புறம் மெத்தென்ற இடத்தில் விரலை வைத்து ஓர் எழுத்து இழுத்தாள்.

சல்லடை தூக்கிவாரிப் போட்டதுபோல நிமிர்ந்தாள்.

கையுறை மாட்டிய மாதிரி, இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் மரத்துப்போயிருந்தன. சர்க்கரையா, நரம்பா, வேறு என்ன என்பதெல்லாம் டாக்டர் பாடு. ஆனால் ஒரு பொட்டும் இல்லாத அந்தப் புத்தகமும், மோவாயில் ஒற்றிய கோப்பையும், விரலில் இருந்த சூட்டுத் தழும்பும், எல்லாவற்றுக்கும் ஆடிய தலையும் இப்போது ஒரே வரிசையில் வந்து நின்றன. காது மந்தமானவர்கள் கூட்டத்தில் எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரித்துவைப்பார்களே, பார்த்திருப்பீர்கள். ‘என்ன சொன்னீங்க’ என்று கேட்க வெட்கம். இவளுக்குக் காதும் கண்ணும் கைதான். அந்தக் கை செவிடாகிவிட்டது. அதை மறைக்கத் தெரிந்த ஒரே வழி, ம் கொட்டுவதும் தலையாட்டுவதும்தான்.

நிதானம் அவள் முழங்கையின் உட்புறத்தில் பெரிய எழுத்தாக எழுதினாள். ‘கை.’

கட்டைவிரல் ஒரு தட்டு. சொல் முடிந்த பிறகு, சரியாக ஒரே தட்டு.

‘மரத்துப்போச்சா?’

இந்தத் தட்டு வர நேரம் ஆயிற்று. வந்தது.

பிறகு சல்லடை நிதானத்தின் கையைத் தேடிப் பிடித்தாள். அவள் விரலுக்கு உணர்வுதான் இல்லை. எழுத்து குண்டு குண்டாக அழகாக இருந்தது. அவள் எழுத எழுத நிதானம் அதை உரக்கப் படித்தாள்.

“அச்சகத்துல சொல்லாதீங்க. வெரல் போச்சுன்னா வேலை போச்சு.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். சல்லடை நிறுத்தி, யோசித்து, மேலே எழுதினாள்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவர் வரட்டும். மொதல்ல அவர்கிட்ட சொல்லணும்.”

நிதானத்தின் குரல் அதைப் படிக்கும்போதும் மாறவில்லை.  சொடக்கின் விரல்கள் சொடக்குப் போட்டவாக்கில் அப்படியே நின்றுவிட்டன.

“நான் தெனமும் சொன்னேனே,” என்றாள் நாத்தனார். “எத்தன தடவ சொன்னேன். வாய்விட்டு அழுதுகிட்டே சொன்னேனே.”

“கையில சொன்னீங்க,” என்றாள் நிதானம்.

ஒரு மாதமாக இந்த வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அந்தக் கையைப் பிடித்துத்தான் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். லீவில் இருக்கிறாளே என்று பார்க்க வருகிறார்கள் போல என்று அவள் நினைத்திருக்கலாம். அவர் ஊரில் இல்லாததால் நாத்தனார் துணைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்கலாம். அவளுக்குள் ஏதோ ஒரு மூலைக்குத் தெரிந்தும் இருக்கலாம். ஆனால் யாரும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அதனால் துண்டைத் துவைத்துப் போட்டாள். எப்போ என்று கேட்டாள்.

இல்லத்துக்குச் சம்மதமா என்று கேட்கத்தான் நிதானம் வந்தாள். இப்போது அதற்கு முன்னால் வேறு ஒன்று நின்றது. நான் எழுதட்டுமா என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

“வேணாம். என் அண்ணன். நான்தான் சொல்லணும்.”

நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்து அண்ணியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுருட்டிய சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினாள். எழுதப் போனவள், விரல் குளிர்ந்திருக்கிறதே என்று வாயில் வைத்து ஊதிச் சூடாக்கிக்கொண்டாள்.

‘அண்ணி.’

ஒரு தட்டு.

‘நான்தான்.’

ஒரு தட்டு. யார் என்று தெரிந்ததில் சல்லடையின் முகம் கொஞ்சம் இளகியது. இத்தனை நாளும் தொட்டது யாருடைய கை என்று நடையின் அதிர்வை வைத்தும் சோப்பு வாசனையை வைத்தும்தான் அவள் ஊகித்திருப்பாள்.

‘அண்ணன்.’

ஒரு தட்டு, கொஞ்சம் வேகமாக.

‘போன ஊருல.’

ஒரு தட்டு.

‘விபத்து.’

கட்டைவிரல் மெதுவாக இறங்கியது. தட்டியது.

நாத்தனார் கடைசிச் சொல்லை எழுதினாள். அவசரப்படாமல், ஓர் எழுத்தும் மற்றதன்மேல் ஏறாமல், தெளிவாக எழுதினாள். எழுதிவிட்டு விரலை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

கட்டைவிரல் தூக்கியபடியே நின்றது. இறங்கவில்லை. புரியாவிட்டால் உள்ளங்கையைத் தேய்ப்பாள். தேய்க்கவும் இல்லை. கீழே வண்டி இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. அது அவளுக்குக் கேட்காது. ஆனால் சொடக்குக்குக் கேட்டது, அவன் சத்தமில்லாமல் இறங்கிப் போனான்.

பிறகு விரல் இறங்கியது. ஒரே ஒரு தட்டு.

சொடக்கு திரும்பி வந்தபோது தெருவில் வண்டி இல்லை. என்ன சொல்லி அனுப்பினாய் என்று நிதானம் கேட்கவில்லை. அவன் கயிறு கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள் அறையில் வைத்துவிட்டு வந்தான். நாத்தனார் இல்லத்தைப் பற்றி அண்ணியின் முழங்கையில் எழுதிக் கேட்டாள். போகல என்று பதில் வந்தது. தலையை ஆட்டவில்லை, எழுதினாள்.

நிதானம் ஃபோர்மேனுக்குப் போன் செய்தாள். பின்னால் இயந்திரம் குத்துகிற சத்தம் கேட்டது. சல்லடை எங்கேயும் போகவில்லை என்று மட்டும் சொன்னாள். அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் கேட்டதற்கு, அதை அவங்களே வந்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் தகட்டைத் தொடாதீங்க என்றாள்.

அப்போதுதான் சல்லடை நாத்தனாரின் கையைத் திரும்பவும் இழுத்தாள். நிறைய எழுதினாள். நாத்தனார் படிக்கத் தொடங்கி, முடியாமல், கையை நிதானத்தின் பக்கம் நீட்டினாள். சல்லடை நிதானத்தின் உள்ளங்கையில் முதலிலிருந்து எழுதினாள்.

“கெளம்புற அன்னிக்கு வாசல்ல நின்னு கையில என்னமோ எழுதினார். நீளமா எழுதினார். எனக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச மாதிரி ம் கொட்டிட்டேன்.”

விரல் நின்றது. பிறகு இன்னும் ஒரு வரி.

“என்ன எழுதினார்?”

அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியாது. நிதானம் அவள் கையைத் திருப்பிக் கொடுத்தாள். சல்லடை அதை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் அந்த வெறும் உள்ளங்கையை மெல்லத் தேய்த்தாள், பலகையைத் துடைக்கிற மாதிரி. கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் தேய்த்தாள்.